எளிய சொல்லுக்குப் பட்ட பாடு

1879ஆம் ஆண்டு, லண்டனுக்கு வடக்கே மில் ஹில் என்ற ஊரில், ஜேம்ஸ் முர்ரே என்ற பள்ளி ஆசிரியர் தகரத்தில் ஒரு கொட்டகை போட்டார். ஆங்கிலத்தின் முழுமையான வரலாற்று அகராதியைத் தயாரித்துத் தர ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தோடு அவர் அப்போதுதான் ஒப்பந்தம் செய்திருந்தார். அவருக்கு முன்பு இருந்தவர்கள் இருபது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த மேற்கோள் சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. எடை கிட்டத்தட்ட இரண்டு டன். ஒரு மூட்டைக்குள் எலி செத்துக் கிடந்தது. சில எழுத்துகளுக்கான சீட்டுகள் காணாமலே போயிருந்தன. அவற்றைத் தேடி அயர்லாந்துக்கும் இத்தாலிக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

சீட்டுகளைப் பிரித்து அகரவரிசையில் அடுக்கியபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. வழக்கொழிந்துபோன ‘அப்யூஷன்’ என்ற சொல்லுக்குச் சுமார் 50 மேற்கோள்கள் இருந்தன. அதன் உறவுச் சொல்லான, தினமும் வாயில் புழங்கும் ‘அப்யூஸ்’ என்பதற்கு ஐந்துகூடத் தேறவில்லை. புத்தகம் படித்துச் சீட்டு எழுதியவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். அவர்கள் கண் புதுமையான சொல்லைக் கண்டால் நின்றது. பழகிய சொல்லைத் தாண்டிப் போனது. அதனால் முர்ரேயும் உதவியாளர்களும் மிகச் சாதாரணச் சொற்களுக்கு எடுத்துக்காட்டு தேடி மணிக்கணக்கில் புத்தகங்களைப் புரட்ட நேர்ந்தது.

ஆர்வலர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆங்கில அகராதித் தொழிலே எளிய சொற்களைப் புறக்கணித்துத்தான் தொடங்கியது. முதல் ஆங்கில அகராதி என்று பொதுவாகச் சொல்லப்படும் நூலை 1604இல் வெளியிட்டவர் ராபர்ட் காட்ரி. பள்ளி ஆசிரியராகவும் பாதிரியாராகவும் இருந்தவர். அதில் சுமார் 2,500 சொற்கள் மட்டுமே உண்டு. லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஹீப்ரு ஆகிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்து மக்களைத் திணறடித்த கடினச் சொற்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே தெரிந்த சொல் ஒன்றோ இரண்டோ இருக்கும். லத்தீன் பள்ளிக்குப் போகும் வாய்ப்பில்லாத பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் உதவவே எழுதியதாக நூலின் தலைப்பே சொல்கிறது. முதல் பதிப்பில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி. அது ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

அடுத்த நூறு ஆண்டுகள் இதே பாதைதான். ‘போ’, ‘வா’, ‘எடு’ போன்றவற்றுக்கு யார் பொருள் தேடுவார்கள் என்பது அக்கால அகராதிக்காரர்களின் எண்ணம். 1702இல் ஜான் கெர்சி என்பவர் தொகுத்ததாகக் கருதப்படும் அகராதியில்தான் அன்றாடச் சொற்கள் முறையாக இடம்பிடித்தன. இடம் கிடைத்ததே தவிர மரியாதை கிடைக்கவில்லை. 1721இல் வெளிவந்து பெருவிற்பனை கண்ட நேத்தன் பெய்லியின் அகராதி, குதிரை போன்றவற்றை எல்லோரும் அறிந்த விலங்கு என்ற அளவில் சொல்லிவிட்டு நகர்ந்தது.

எளிய சொல்லின் ஆழத்தில் இறங்கி முதன்முதலில் மூச்சுத் திணறியவர் சாமுவேல் ஜான்சன். 1746 ஜூனில் லண்டன் புத்தக வணிகர்கள் சிலர் சேர்ந்து அவரோடு ஒப்பந்தம் போட்டார்கள். தொகை 1,575 பவுண்டு. மூன்று ஆண்டில் முடித்துத் தருவதாக அவர் சொன்னார். காஃப் சதுக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மேல்மாடி அறையில் ஆறு எழுத்தர்களை உட்காரவைத்தார். அவர்களில் ஐவர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஜான்சன் புத்தகங்களைப் படித்து, வேண்டிய சொல்லின் கீழ் பென்சிலால் கோடிடுவார். அதன் முதலெழுத்தை ஓரத்தில் குறிப்பார். எழுத்தர்கள் அந்த வரியை அப்படியே படியெடுப்பார்கள்.

முதல் நான்கு ஆண்டுகளில் அவர் செய்த வேலை பெரும்பாலும் வீணானது. பெரிய குறிப்பேடுகளில் சொற்களை வரிசையாக எழுதி, பொருள்களுக்கும் மேற்கோள்களுக்கும் இடம் விட்டிருந்தார். ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து விட்ட இடம் அது. படிக்கப் படிக்கப் புதிய பொருள்கள் வந்துகொண்டே இருந்தன; இடம் போதவில்லை. ஜான்சனின் கையெழுத்துப் படிகளை நுணுகி ஆராய்ந்த ஆலன் ரெடிக், பொருள்கள் இப்படிப் பெருகியதே பழைய திட்டம் குலைந்துபோகக் காரணம் என்று காட்டியிருக்கிறார். ஜான்சன் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, மறுபடியும் ஆரம்பித்தார்.

அகராதி 1755 ஏப்ரல் 15 அன்று வெளியானது. 42,773 சொற்கள், சுமார் 1,14,000 மேற்கோள்கள். விலை 4 பவுண்டு 10 ஷில்லிங். ‘டேக்’ என்ற ஒரு வினைச்சொல்லுக்கு அதில் 134 பொருள்கள். ஐந்து பக்கம், ஏறத்தாழ 8,000 சொற்கள். ‘புட்’ மூன்று பக்கத்துக்கு மேல் போனது. இத்தகைய வினைச்சொற்களுக்கு எல்லை கட்டுவது எத்தனை கடினம் என்பதை ஜான்சன் முன்னுரையில் மனம்விட்டு எழுதினார். கடினச் சொற்களைப் பற்றி அவர் அப்படி வருந்தவில்லை. கடினச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான் இருக்கும். அதைச் சொல்லிவிட்டால் முடிந்தது.

‘டேக்’ ஏன் இத்தனை வேலை செய்கிறது? மருந்து சாப்பிடுவது, பஸ் பிடிப்பது, படம் எடுப்பது, தேர்வு எழுதுவது, அப்பாவை உரித்துவைத்திருப்பது என்று தமிழில் ஐந்து வினைகள் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் அது ஒன்றே செய்துவிடும். இத்தனைக்கும் அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லும் அல்ல. பழைய ஆங்கிலத்தில் எடுப்பதைக் குறித்த சொல் ‘நிமன்’. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் கடல்வழி வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டினேவியர்களின் மொழியிலிருந்து வந்தது ‘டேக்’. பக்கத்து வீடுகளில் வாழ்ந்த இரு மக்களின் மொழிகளில் மெல்ல மெல்ல வந்தவர்களின் சொல் வென்றது. ‘நிமன்’ மறைந்தது. மரத்துப்போவதைக் குறிக்கும் ‘நம்ப்’ என்ற சொல்லில் மட்டும் அதன் தடம் இருக்கிறது. உணர்வு எடுக்கப்பட்டுவிட்டது என்பதே அதன் பழம்பொருள்.

சொற்களின் வரவு அத்தோடு நிற்கவில்லை. 1066இல் நார்மானியர் படையெடுத்து வந்தபின் பிரெஞ்சு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் அமர்ந்தது. பின்னர் மறுமலர்ச்சிக் கால அறிஞர்கள் லத்தீனை அள்ளிக் கொட்டினார்கள். கேட்பதற்கு ‘ஆஸ்க்’ பழைய ஆங்கிலம். ‘கொஸ்டின்’ பிரெஞ்சு வழி வந்தது. ‘இன்டெராகேட்’ லத்தீனிலிருந்து நேராக எடுத்தது. குழந்தை அம்மாவிடம் கேட்பது முதல் சொல். செய்தியாளர் அமைச்சரைக் கேட்பது இரண்டாவது. காவல் நிலையத்தில் நடப்பது மூன்றாவது. மூன்றும் ஒன்று என்று அகராதியில் படித்துவிட்டு இடம் மாற்றிப் பயன்படுத்தினால் கேட்பவர் முகம் மாறும்.

இந்த நுண்ணிய வேறுபாடுகளைப் பிரித்துச் சொல்வது பதினெட்டாம் நூற்றாண்டில் தனியொரு துறையாக வளர்ந்தது. பிரான்சில் ஜிரார் என்ற பாதிரியார் 1718இல் வழிகாட்டினார். இங்கிலாந்தில் ஜான் ட்ரஸ்லர் 1766இல் அவரைப் பின்பற்றினார். இவர்களில் அதிகம் பேசப்பட வேண்டியவர் ஹெஸ்டர் பியோட்சி. ஜான்சனின் நெடுநாள் தோழி. கணவர் இறந்தபின் இத்தாலிய இசைக்கலைஞர் கேப்ரியல் பியோட்சியை 1784இல் மணந்ததால் ஜான்சனின் நட்பையும் லண்டன் மேட்டுக்குடியின் மதிப்பையும் இழந்தார். பத்தாண்டு கழித்து, 1794இல், ஆங்கில ஒருபொருட் சொற்களைப் பற்றி இரண்டு தொகுதிகளில் நூல் எழுதினார். வீட்டிலும் விருந்திலும் பேசும்போது எந்தச் சொல்லை எங்கே சொல்வது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். அயல்நாட்டிலிருந்து வந்து ஆங்கிலம் கற்பவர்களை மனத்தில் வைத்து அதை எழுதினார். அன்றாடம் பேசும் சொற்களில் அவர் காட்டிய அக்கறை பெரிது. 1816இல் வெளியாகி நூறாண்டுக்கு மேல் அச்சில் இருந்த ஜார்ஜ் கிராப்பின் நூல் பியோட்சியின் நூலை மறைத்துவிட்டது. அது அவருக்கு நேர்ந்த அநீதி என்றே சொல்ல வேண்டும்.

பீட்டர் மார்க் ரோஜெட் வேறு வழியில் போனார். அவர் மருத்துவர், ராயல் சொசைட்டியின் செயலாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். 1805இல், இருபத்தாறு வயதில், தன் சொந்த உபயோகத்துக்காகச் சொற்களைக் கருத்துவாரியாக வகைப்படுத்தி ஒரு குறிப்பேடு தயாரித்தார். ஓய்வு பெற்றபின் அதை விரித்து 1852இல் நூலாக்கினார். அப்போது அவருக்கு வயது 73. ஆறு பெரும் பிரிவுகள், ஆயிரம் தலைப்புகள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஒத்த சொற்கள் குவிந்திருக்கும். பொருள் விளக்கம் கிடையாது. தெரிந்த சொற்களுக்குள் பொருத்தமானதைத் தேடுகிறவருக்கே அது கருவி. வேறுபாடு தெரியாதவர் கையில் கிடைத்தால் ‘ஆஸ்க்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்டெராகேட்’ வந்து உட்கார்ந்துவிடும். இந்தக் குறை இன்றும் தீரவில்லை. மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் எந்த ஆசிரியரும் இதைச் சொல்வார்.

தன்னைப் போல் முன்பு முயன்றவர் உண்டா என்று தேடிய ரோஜெட், சமஸ்கிருத ‘அமரகோச’த்தைக் கோல்புரூக் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பின் வழியாகப் பார்த்து, தன் நூலில் குறிப்பிடவும் செய்தார். அதன் பகுப்புமுறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. தமிழ் நிகண்டுகளைப் பற்றி அவர் அதில் எதுவும் சொல்லவில்லை. சேந்தன் திவாகரம் ரோஜெட்டுக்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று கருத்துவாரியாகவே அது சொற்களைத் தொகுக்கிறது. பதினோராம் தொகுதியை ஒரே சொல்லுக்குள்ள பல பொருள்களுக்கென்றே ஒதுக்குகிறது. பல சொல்லுக்கு ஒரு பொருள், ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்ற இரண்டும் தனித்தனியே எண்ணிப் பார்க்க வேண்டியவை என்ற தெளிவு அங்கே இருந்தது.

முர்ரே பொறுப்பேற்ற ஆக்ஸ்போர்டு அகராதிக்கு வித்திட்டது 1857 நவம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத் தலைவர் ரிச்சர்ட் செனவிக்ஸ் டிரெஞ்ச் லண்டன் மொழியியல் கழகத்தில் ஆற்றிய உரை. அகராதிக்காரர் மொழியின் வரலாற்றை எழுதுபவர். நல்ல சொல், கெட்ட சொல் என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையன்று என்பது டிரெஞ்சின் வாதம். அப்படியென்றால் ஒவ்வொரு சொல்லும் முதன்முதலில் எந்த ஆண்டில், எந்தப் பொருளில் எழுத்தில் வந்தது, பின்னர் எப்படி மாறியது என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். சீட்டுகள் அதற்குத்தான்.

சீட்டு என்பது சுமார் ஆறு அங்குல நீளமும் நான்கு அங்குல அகலமும் உள்ள தாள். இடது மேல்மூலையில் சொல். அதன் கீழே ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம். பிறகு அந்தச் சொல் வரும் வாக்கியம். முர்ரேயின் கொட்டகைச் சுவரில் ஆயிரத்துக்கும் அதிகமான சிறு மரக் கட்டங்கள். வந்த சீட்டுகள் அங்கே அகரவரிசையில் போய்ச் சேரும். இந்த அடுக்கும் வேலையில் அவருடைய பிள்ளைகள் பதினொரு பேருக்கும் பங்கு உண்டு. சில்லறைக் காசு கூலி. 1885இல் குடும்பம் ஆக்ஸ்போர்டுக்குக் குடிபெயர்ந்தபோது அங்கே புதிய தகரக் கொட்டகை எழுந்தது. பக்கத்து வீட்டுப் பேராசிரியர் பார்வையை மறைக்கிறது என்று ஆட்சேபித்ததால் அதைத் தரையில் சில அடி பள்ளம் தோண்டி இறக்கிக் கட்டினார்கள். உள்ளே ஈரம் கசிந்தது. குளிர்காலத்தில் முர்ரே கால்களை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்தார்.

‘செட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லின் கட்டைப் பிரிப்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு சீட்டில் சூரியன் மறைகிறது. அடுத்ததில் மேசையில் தட்டு வைக்கிறார்கள். ஒன்றில் முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுகிறார் வைத்தியர். ஒன்றில் சுண்ணாம்புக் காரை இறுகுகிறது. ஒன்றில் மோதிரத்தில் கல் பதிக்கிறார்கள். ஒன்றில் ஆசிரியர் வினாத்தாள் தயாரிக்கிறார். ஒன்றில் அச்சுக் கோக்கிறார்கள். இவற்றை முதலில் ஆண்டுவாரியாக வைக்க வேண்டும். பிறகு பொருள்வாரியாகக் கட்டுகளாக்க வேண்டும். எது எதிலிருந்து கிளைத்தது என்று பார்க்க வேண்டும். உட்காரவைப்பது என்பது வேர்ப்பொருள். வைப்பதும் பதிப்பதும் அதிலிருந்து எளிதாக வரும். ஆனால் இறுகுவது எந்தக் கிளை? சூரியன் மறைவது? ஒரு சீட்டை இடம் மாற்றினால் அதன் பின்னால் நாற்பது சீட்டு மாறும். அகராதியின் இன்னொரு பதிப்பாசிரியரான ஹென்றி பிராட்லியின் பொறுப்பில் வந்த பகுதி அது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைச்சொல்லின் பதிவு மட்டும் சுமார் 60,000 சொற்கள், 430 பொருள்கள். ஒரு சிறு நாவலின் நீளம்.

சாதாரணச் சொல்லுக்குச் சான்று இல்லாத குறையைத் தீர்த்தவர்களில் இருவரை மறக்கக் கூடாது. அமெரிக்கரான ஃபிட்செட்வர்ட் ஹால், காசியில் சமஸ்கிருதம் கற்பித்தவர். பின்னர் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு கிராமத்தில் ஒதுங்கி வாழ்ந்தார். இருபதாண்டு காலம் தினம் பல மணி நேரம் அகராதியின் மெய்ப்புகளைப் படித்து, மேற்கோள் இல்லாத இடங்களை நிரப்பி அனுப்பினார். அவரும் முர்ரேயும் நேரில் சந்திக்கவே இல்லை. மற்றவர் வில்லியம் மைனர், அமெரிக்க ராணுவ மருத்துவர். மனநோயின் பிடியில் 1872இல் லண்டனில் ஜார்ஜ் மெரெட் என்ற தொழிலாளியைச் சுட்டுக் கொன்று, பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தார். அவர் கண்ணில்பட்ட அரிய சொற்களை அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. தன்னிடமிருந்த நூல்களுக்குச் சொல்லடைவு தயாரித்து வைத்துக்கொண்டு, இந்த மாதம் கொட்டகையில் எந்தச் சொல் நடக்கிறது என்று கேட்டு, அதற்கான மேற்கோளை எடுத்து அனுப்புவார். தேவை தெரிந்து உதவிய வழி அது.

பத்தாண்டில் நான்கு தொகுதிகள் என்று திட்டமிட்டிருந்தார்கள். ஐந்தாண்டு கழித்து 1884இல் வந்த முதல் பகுதி ‘ஆன்ட்’ வரைதான் எட்டியிருந்தது. முர்ரே 1915இல் இறந்தபோது ‘டி’ (T) எழுத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அகராதி முடிந்தது 1928இல்: 4,14,825 சொற்கள், 18 லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்கள்.

இதே காலத்தில் எளிய சொல்லுக்கு வேறொரு திசையிலிருந்து, அதுவும் அன்றைய இந்தியாவிலிருந்து, ஆதரவு வந்தது. டாக்காவில் கல்வித்துறையில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சிறுவர்கள் அரிய ஆங்கிலச் சொற்களோடு மல்லுக்கட்டி வாசிப்பையே வெறுப்பதைக் கண்டார். அதிகம் புழங்கும் சொற்களை மட்டும் வைத்துப் பாடநூல்கள் எழுதினார். 1935இல் அவர் வெளியிட்ட அகராதி, சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கியது. 1953இல் வந்த அவருடைய பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள். ஒரு சொல்லின் எந்தப் பொருள் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்றும் அதில் கணக்கு உண்டு. கணினி இல்லாத காலத்தில் ஆட்கள் கையால் எண்ணிச் சேர்த்த கணக்கு அது.

கணினி வந்தபின் முர்ரேயின் குறை தலைகீழாக மாறியது. 1980களில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் குழுவினர் சுமார் இரண்டு கோடி சொற்கள் கொண்ட உரைத்தொகுப்பைக் கணினியில் ஏற்றி, 1987இல் ‘கோபில்ட்’ அகராதியைக் கொண்டுவந்தார்கள். மனிதக் கண் தாண்டிப்போன சொற்களைக் கணினி ஒன்றுவிடாமல் வரிசையில் நிறுத்தியது. மிக அதிகம் வரும் வினைகள் பெரும்பாலும் தம் மூலப்பொருளை இழந்து பெயர்ச்சொல்லுக்குத் துணையாக நிற்கின்றன என்பதைச் சின்க்ளேர் வலியுறுத்தினார். தமிழில் ‘விடு’, ‘போடு’, ‘கொள்’ செய்யும் வேலைக்கு இது நெருக்கமானது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி துணைவினைகளுக்குத் தனியே கவனம் கொடுத்தது; அதற்காகவே அதைப் போற்ற வேண்டும்.

ஆக்ஸ்போர்டு அகராதியின் மூன்றாம் பதிப்பு 2000 முதல் இணையத்தில் பகுதி பகுதியாக வருகிறது. ‘செட்’ வகித்த முதலிடம் ‘மேக்’, ‘புட்’ ஆகியவற்றுக்குப் போய், 2011இல் ‘ரன்’ வசம் வந்தது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் ஒன்பது மாதம் அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்திருந்தார். ரயில் ஓடுகிறது, இயந்திரம் ஓடுகிறது, வேட்பாளர் தேர்தலில் நிற்கிறார், கடையை நடத்துகிறார்கள், கணினியில் நிரல் இயங்குகிறது. தொழிற்புரட்சிக்குப் பின் வந்த ஒவ்வொரு இயந்திரமும் இந்தச் சொல்லுக்குப் புதுப் பொருள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

கிளாஸ்கோவில் எம். எல். சாமுவேல்ஸ் 1965இல் தொடங்கிய இன்னொரு வேலை, ஆக்ஸ்போர்டு அகராதியின் பொருள்கள் எல்லாவற்றையும் ரோஜெட்டைப் போலக் கருத்துவாரியாகவும், ஒவ்வொரு ஒத்த சொல்லும் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை உயிரோடு இருந்தது என்று காலவாரியாகவும் அடுக்கியது. 1978இல் அந்தக் குழுவினர் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. பிரதி எதுவும் இல்லாத அவர்களுடைய சீட்டுகள் இரும்பு அலமாரிகளில் இருந்ததால் தப்பின. கிறிஸ்டியன் கே தலைமையில் 2009இல் அந்த நூல் முடிந்தது; ஏறத்தாழ எட்டு லட்சம் பொருள்கள்.

நானூறு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் உழைத்தவர்களின் நேரத்தையும் கண்ணையும் அதிகம் வாங்கியவை சின்னச் சொற்கள்தான். நம் ஊரில் போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் கையில் இன்னும் காட்ரி காலத்துக் கடினச் சொற்பட்டியலே திணிக்கப்படுகிறது. அவர்களுக்கு வெஸ்டின் வழிவந்த கற்போர் அகராதி ஒன்றை வாங்கிக் கொடுத்து, ‘கெட்’, ‘டேக்’, ‘புட்’, ‘செட்’, ‘ரன்’ ஆகிய ஐந்து பதிவுகளை முழுவதும் படிக்கச் சொல்லுங்கள்.